இடது முன்சக்கரம்

முன்சக்கர வேலை பார்த்த வண்டியின் முதல் ஓட்டத்தில் மெக்கானிக்கும் ஏறிப்போக வேண்டும் என்பது எங்கள் காரைக்கால் பட்டறை வழக்கம், இன்ஸ்பெக்டர் ஐயா. வேலையில் கோளாறு இருந்தால் செய்தவன் தலையும் சேர்ந்து உருளட்டும் என்று யாரோ ஒரு புத்திசாலி ஏற்படுத்தியது. நானும் போனேன், அம்பகரத்தூர் காளி கோயில் வரைக்கும். அதனால்தான் உங்களுக்கு என்மேல் சந்தேகம் வரவில்லை. மெக்கானிக் உத்திராபதியின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு சொல்லை அடிக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கார் குரும்பகரம் மிராசுதார் தெட்சிணாமூர்த்தியுடையது. யுத்தத்துக்கு முந்தைய பிரெஞ்சு வண்டி. குழியில் இறங்கினால் உட்கார்ந்திருப்பவன் எலும்பைப் பிரித்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் புறப்பட்டபோது விற்றுவிட்டுப் போன பிற்கால வண்டி ஒன்றிலிருந்து, ஸ்பிரிங்கும் அச்சுமாக முன்பக்கம் முழுவதையும் அவர் புதுச்சேரியில் வாங்கிவந்தார். ஆனால் சக்கரம் மட்டும் பழையதாகவே இருக்கவேண்டுமாம், அப்பா ஓட்டிய சக்கரமாம். பழைய சக்கரம் அதன் நடுக்குடமான பழைய ஹப்பில்தான் உட்காரும். புது அச்சோ அந்த ஹப்புக்குள் இருக்கும் பேரிங்குக்கு ஒல்லி. இடைவெளிக்கு எஃகில் ஓர் உறை கடைந்து, சூடாக்கி அடித்து இறக்கவேண்டும். ஆகிற காரியம்தான். வலது பக்கம் நான் இறக்கியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாகப்பட்டினம் வரை தேடினாலும் அப்படி ஒரு வேலை கிடைக்காது.

வேலை நடந்த நாட்களில் மிராசுதாரின் டிரைவர் காத்தமுத்து பட்டறையிலேயே கிடந்தான். நல்ல பையன், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மத்தியானம் என் தங்கை பங்கஜவல்லி எனக்குச் சோறு கொண்டுவருவாள். போனால் போகிறதென்று அவனுக்கும் வைக்கச் சொன்னேன். அம்மா போனதிலிருந்து வீட்டில் அவளும் நானும்தான். பெண் கேட்டு வந்தவர்களை ஏதாவது சொல்லித் திருப்பிவிடுவேன். ஒருவனுக்கு மாறுகண், ஒருவனுக்குக் குடி. கட்டிக்கொண்டு போனவளெல்லாம் என்ன சுகத்தைக் கண்டாள்? அவள் வைக்கிற கோலா மீன் குழம்பு வேறு யார் கைக்கும் வராது. ஒருநாள் அதிலிருந்த பெரிய துண்டு அவன் இலைக்குப் போனது. எனக்கு வால்.

மறுநாள் அவன் கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றான்.

"அண்ணே, பங்கஜத்த எனக்குக் கட்டிக்குடுங்க. அதுக்கும் சம்மதந்தான். கண்ணு கலங்காம வச்சுக்குவேன்."

தட்டிக்கழிக்க ஒரு குறையும் இல்லாத மாப்பிள்ளை. தொந்தரவே அதுதான். சரி என்றேன். அன்றைக்குத்தான் இடது பக்க வேலைக்கு வந்தேன்.

அந்தப் பக்கத்து உறையைச் சற்றுத் தளர்வாகக் கடைந்து, தளர்ச்சி தெரியாமல் பிஸ்கட் டின் தகரத்தைச் சுற்றிச் செருகினேன். கையால் ஆட்டிப் பார்த்தால் கல் மாதிரி நிற்கும். மெல்லப் போனால் தாங்கும். வேகமெடுத்தால் தகரம் நசுங்கி, உறை சுழன்று, சூடேறி, அச்சைத் தின்று முறிக்கும். கவனம் இல்லாதவன் செய்கிற வேலையா இது, நீங்களே சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை காளி கோயிலுக்குப் புறப்பட்டோம். கல்யாணம் கூடிவந்ததற்கு வேண்டுதல் என்று பங்கஜமும் பூவும் தேங்காயுமாகப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். போகும்போது மாட்டுவண்டிக்குக்கூட ஒதுங்கி மெதுவாகப் போகச் சொன்னேன். கோயில் வாசலில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. மிராசுதார் காரைக்காலில் காத்திருந்தார், கார் உடனே திரும்பவேண்டும். நான் இருந்து அபிஷேகம் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னேன். பங்கஜம் தானும் காரிலேயே போய்விடுவதாகச் சொன்னாள். தாலி ஏறுவதற்கு முன்னால் அவனோடு தனியாகப் போனால் ஊர் என்ன பேசும் என்று அதட்டி இறக்கினேன். அவள் உயிரைக் காப்பாற்றியவன் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு குனிந்து அவனிடம் சொன்னேன்.

"திரும்பிப் போவும்போது நல்லா வெரட்டிப் பாரு மாப்ள. ஆட்டம் இருந்தா அப்பத்தான் தெரியும்."

மாப்பிள்ளை என்று கூப்பிட்டதும் அவனுக்கு முகமெல்லாம் பல்.

அபிஷேகத்துக்கு நிற்கவில்லை; கார் போன கையோடு வந்த பஸ்ஸில் ஏறி, பங்கஜத்துக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தேன். வாய்க்கால் திருப்பத்தில் கூட்டத்தைக் கண்டு பஸ் நின்றது. கார் தலைகுப்புறத் தண்ணீரில் கிடந்தது. அவனைக் கரையில் கிடத்தியிருந்தார்கள், உயிர் இருந்தது. அவள் ஓடிப்போய் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நான் நிதானமாக இறங்கி முதலில் சக்கரத்தைப் பார்த்தேன். நினைத்த இடத்தில் முறிந்திருந்தது. மனசுக்கு நிறைவாக இருந்தது. பஸ்ஸிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். முதுகு முறிந்தவனை அசைக்கக்கூடாது, டாக்டர் வரட்டும் என்று நான்தான் தடுத்தேன். அந்தப் பக்கத்தில் என் பேச்சுக்கு மரியாதை உண்டு. டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து பங்கஜம் என்னோடு பேசுவதில்லை. ஆனால் வேளைக்குச் சோறு வைத்துவிடுகிறாள். எனக்கு அது போதும்.

நான் வருவதற்கு முன்பே காலையில் அவள் இங்கே வந்து போனாள் என்கிறீர்கள். "எங்க அண்ணன் வேலையில தப்பே நடக்காதுங்க, அது செஞ்சா சரியாத்தான் செய்யும், எழுதிக்கிங்க" என்று கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் சொன்னாளாம். பார்த்தீர்களா ஐயா, எவ்வளவு கோபம் இருந்தாலும் கூடப்பிறந்தவள் என்னை விட்டுக்கொடுக்கவில்லை.