பூரணியின் தேதி

உங்கள் ஸ்டேஷன் தேத்தண்ணியில் சாயம் பற்றாது, சேர். தப்பாக நினைக்காதீர்கள். இருபத்தேழு வருஷம் கொழுந்து எடுத்தவள் நான், வாய் சும்மா இருக்காது. நான் சொல்வதை இந்தக் கான்ஸ்டபிள் தங்கச்சி சிங்களத்தில் எழுதிக்கொள்ளட்டும். அவசரமில்லை, நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன்.

என் பெயர் காளியாயி. செத்துப்போன பூரணி என் நாத்தனார், என் புருஷன் வீரய்யாவின் தங்கச்சி. மாமியார் கண்ணை மூடியபோது அவளுக்கு ஆறு வயது. அன்றிலிருந்து அவளுக்குப் பேன் பார்த்தது, பள்ளிக்கூடம் அனுப்பியது, பெரியமனுஷியானபோது தண்ணீர் ஊற்றியது எல்லாம் நான்தான். அவரோ கொழும்பில் கடை வேலை, தீபாவளிக்கும் தேர்தலுக்கும் வந்துபோகிற ஆள். ஆக, அவளுக்கு ஒன்று என்றால் ஊர் என்னைத்தான் கேட்கும். இதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவோம். சட்டியில் நவதானியம் விதைத்து, இருட்டறையில் வளர்த்து, குமரிப் பிள்ளைகள் தலையில் சுமந்துபோய் ஆற்றில் கரைப்பது வழக்கம். வீட்டுக்குத் தூரமான பெண் தொட்டால் பயிர் கருகிவிடும். அதனால் யாருக்கு எந்த நாள் விழும் என்று பார்த்துத்தான் பட்டியல் போடவேண்டும். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பட்டியலைப் போடுவது நான். எழுத்துக் கிடையாது, எல்லாம் மனசில்தான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள் பதினேழு பேரின் தேதியும் எனக்குத் தெரியும். ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்றால் அவள் புருஷனுக்கு முன்னால் நான் அறிந்துவிடுவேன். ‘காளியாயி சொன்னா சரி’ என்பார் கோயில் கமிட்டித் தலைவரே.

பூரணி ஒருத்தியின் தேதிதான் எனக்கு அடங்கவில்லை. மூன்று மாதம் ஒன்றுமே இராது. வந்தால் பத்து நாள், பதினைந்து நாள், பாயோடு பாயாகக் கிடப்பாள். படிக்கிற காலத்தில் வயசுக் கோளாறு என்று விட்டேன். நுவரெலியாவில் துணிக்கடை வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் விடமுடியுமா? காலையில் பஸ் ஏறுகிறாள், பொழுது சாய வருகிறாள். இடையில் நடப்பதை யார் கண்டது?

மாசி மாதம் அவள் பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. நானாகத் தேடவில்லை, சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவ எடுத்தபோது கையில் தட்டுப்பட்டது. அந்த அட்டை எனக்குத் தெரியும். சுவர் ஒட்டிய பக்கத்துக் காம்பராவில் இருக்கிற மெரினாவுக்கு, பிள்ளை நிற்காமல் இருக்க மிட்வைஃப் கொடுப்பது அதே மாதிரிதான். மெரினா கல்யாணமானவள். இவளுக்கு எதற்கு?

“நாள் சரியா வர்றதுக்கு டாக்டரம்மா குடுத்தாங்க அண்ணி. புள்ள நிக்காம இருக்க மட்டும் இல்லையாம், இதுக்கும் குடுப்பாங்களாம். எனக்கு ரத்தமும் கொறைவா இருக்காம்” என்றாள். கிளினிக் துண்டையும் எடுத்து நீட்டினாள்.

“கடுதாசி என்ன வேணாலும் சொல்லும்” என்று அட்டையை அடுப்பில் போட்டேன். அழுதாள். பிஞ்சிலே பழுத்தவை பிடிபட்டால் அழத்தான் செய்யும்.

அதற்குப் பிறகு நாற்பத்தாறு நாள் அவள் தூரமாகவில்லை. மாத்திரையைப் பாதியில் நிறுத்தினாலும் நாள் குழம்பும் என்று உங்கள் டாக்டர் சொல்கிறார். இருக்கலாம், நான் படித்தவள் இல்லை. ஆனால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடிப் பட்டியல் போடும்போது ஒருத்தி கேட்டாள், “பூரணிக்கு எப்பக்கா நாள்?” என்று. அவள் பெயரை விட்டுவிட்டு அடுத்தவளுக்குத் தாவினேன். பன்னிரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. சுற்றி இருந்தவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் மன்னிக்கவில்லை, சேர். அவர்களையும் மன்னிக்கவில்லை, அவளையும் மன்னிக்கவில்லை.

பூரணியும் பயந்துதான் போயிருந்தாள். நான் சொல்லிச் சொல்லி அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன் வயிற்றைத் தானே தடவித் தடவிப் பார்ப்பாள். “என்னை ஒருத்தனும் தொட்டதில்ல அண்ணி. தொடாமயே அப்பிடி ஆகுமா?” என்று ஒருநாள் கேட்டாள். ஆகாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பாமசியில் சோதனைக் குச்சி ஒன்று வாங்கி வந்தாள். பார்த்துவிட்டு ஓடிவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். “பாருங்க அண்ணி, ஒரு கோடுதான். ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்.” சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொள்ள வந்தாள். ஒரு கோட்டைக் காட்டி ஊர் வாயை மூடமுடியுமா? குச்சி சொல்லிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டேன்.

பஜாரில் ஒரு ஆளிடம், வயிற்றில் இருப்பதைக் கலைத்து நாளை வரவைக்கிற மருந்து வாங்கினேன். பெயர் கேட்காதீர்கள், அவனுக்கும் பிள்ளைகுட்டி உண்டு. இரண்டு மாத்திரை போதும் என்றான். அவள் தேதி இரண்டுக்கு அடங்காது என்று எனக்குத் தெரியும். நாலு பொடித்துப் போட்டேன். வியாழக்கிழமை காலை, தடிமல் சளிக்கு நல்லது என்று மல்லித் தண்ணியில் கலந்து கொடுத்தேன். நல்ல பிள்ளை, ஒரு மடக்கு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

மத்தியானமே அவளுக்கு நாள் வந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிப்போனது. வாசலில் நின்று, லயம் முழுக்கக் கேட்கும்படி, “பூரணி தூரம்” என்று சொன்னேன்.

கதவைப் பூட்டி வைத்தாயா என்று நேற்றுக் கேட்டீர்கள். பூட்டவில்லை. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. முளைப்பாரி விரத வாரத்தில், தூரமானவள் கிடக்கிற பக்கம் ஒரு பெண்ணும் எட்டிப் பார்க்கமாட்டாள். ஒரு வார்த்தை சொன்னேன், அது போதுமாக இருந்தது. அவள் போனை மட்டும் எடுத்து மேலே வைத்தேன். தீட்டுப் படக்கூடாது இல்லையா.

மெரினா வேதக்காரி, விரதம் இல்லை. அவள்தான் வெள்ளிக்கிழமை வந்து நின்றாள். “மொனகுற சத்தம் கேக்குதேக்கா. த்ரீவீல் புடிச்சிட்டு வரட்டுமா, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்.”

“எப்பவும் இப்பிடித்தான் இவளுக்கு. நீ உள்ள போயிட்டு வந்து, நாளைக்குப் பயிரு கருகுனா பழியை உன் தலையிலதான் போடுவாங்க, பாத்துக்க” என்றேன். கதவைப் பார்த்தாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

“நிக்கவே மாட்டேங்குது அண்ணி. கூட்டிட்டுப் போங்க” என்று பூரணியும் கேட்டாள். ஆஸ்பத்திரியில் எழுதி வைப்பார்கள், சேர். எழுதினால் அழியாது. “சாமி ஆத்துக்கு எறங்கட்டும், போகலாம்” என்றேன். துணி மாற்றினேன், கஞ்சி ஊட்டினேன், தலையைக் கோதிவிட்டேன். ஒன்றிலும் நான் குறை வைக்கவில்லை.

சனிக்கிழமை காலை முளைப்பாரி ஆற்றுக்கு இறங்கியது. தப்புச் சத்தம் கேட்டு வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். அப்படி ஒரு விளைச்சலை நான் எந்த வருஷமும் கண்டதில்லை, முழங்கை உயரம், ஒரு தண்டு கருகவில்லை. திரும்பி வந்தபோது பூரணிக்கு மூச்சில்லை.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். மருந்து கொடுத்தது நான், மெரினாவைத் திருப்பி அனுப்பியது நான். கையெழுத்துத் தெரியாது, பெருவிரல் வைக்கிறேன்.

அவள் வயிற்றில் ஒன்றுமே இருக்கவில்லை என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். நான் இடிந்துபோவேன் என்று நினைத்தீர்களோ என்னவோ. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரே ஒரு உதவி, சேர். அந்தக் கடுதாசியைத் தமிழில் எழுதி, சீல் குத்தி, கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். பெரட்டுக்களத்தில் வைத்துச் சத்தமாக வாசிக்கட்டும். அன்றைக்கு ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்களே, அவர்கள் காதில் விழவேண்டும். என் வளர்ப்பில் ஒரு பழுதும் இல்லை என்று அரசாங்க டாக்டரே எழுதிவிட்டாரே.