கழுவி வைத்த பாட்டில்

காலி பாட்டிலைத் தொட்டியில் போடும் முன் கழுவ வேண்டும், ஐயா. இதை எங்கள் ஷ்டிப் நகரத் தையல் ஆலையில் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. கழுவாமல் போட்டால் ஈ மொய்க்கும், குப்பை வண்டிக்காரர் எடுக்க மாட்டார்.

குப்பையைத் தரம் பிரிக்கும் ஏற்பாட்டை முதலாளி என்னிடம் ஒப்படைத்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. தாளுக்கு நீலத் தொட்டி, பிளாஸ்டிக்குக்கு மஞ்சள், கண்ணாடிக்குப் பச்சை. முதலில், "டிராயங்கா அக்கா, தயிர் டப்பாவை எதுல போடணும்?" என்று ஆள் மாற்றி ஆள் வந்து கேட்டார்கள். கணவர் இறந்த பிறகு என்னை இத்தனை பேர் கூப்பிட்டதில்லை. பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது, யாரும் வரவில்லை.

இலையுதிர் காலத்தில் மற்றவர்களைப் போல நானும் சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, நாள் முழுக்கக் கிளறி அய்வார் என்கிற தொக்கு செய்வேன். ஆலையில் ஆளுக்கொரு பாட்டில் கொடுப்பேன். "தட்டை வழிச்சு நக்கிட்டோம் போங்க" என்பார்கள். தொட்டிகள் வந்த அந்த வருடம் பச்சைத் தொட்டியில் என் பாட்டில்களைப் பார்த்தேன். மூடிகூடத் திறக்கவில்லை. முன்பு போல ஒரே தொட்டியாக இருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

சாப்பாட்டு அறையில், கூட வேலை செய்யும் ஸ்லாவ்கா பேசியது வெளியே கேட்டது. "நாள் பூரா குப்பையைக் கிளறுற கை. அதே கையாலதான அய்வாரையும் கிளறியிருக்கும்? நீ வேணா தின்னு." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வலித்தது.

ஆனால் ஒரே ஒரு பாட்டில் காலியாக வந்திருந்தது. நன்றாகக் கழுவி, மூடியைத் தனியாகக் கழற்றி வைத்திருந்தார்கள். யாரென்று தெரியவில்லை. கேட்டால் எல்லோருமே "நான்தான்" என்பார்கள். வருடம் முழுக்க ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை அய்வாரில் எலி மருந்தைக் கலந்தேன், எல்லாப் பாட்டிலிலும். பொய் சொல்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது, உண்மையாகச் சாப்பிடுகிறவர் யாரென்று தெரிந்துவிடும் என்று யோசித்துத்தான் செய்தேன். ஆகவும் இல்லை. அவர்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் நானே பொறுக்கி எடுத்துவிட்டேன், ஸ்லாவ்காவுடையதைக்கூட.

சில நாள் கழித்து, இஸ்திரி போடும் ஸ்பிரோ கழுவிய பாட்டிலோடு என்னிடம் வந்தார். அதிகம் பேசாத மனிதர். முகம் வெளுத்திருந்தது, ஈறில் ரத்தம்.

"உடம்பு ஒரு மாதிரியா இருக்குக்கா. ஆனா உங்க அய்வாரை மட்டும் விடல. வீட்ல ஒண்டியா சாப்பிடுறப்ப எனக்கு அதுதான் துணை."

உட்காரச் சொல்லி காப்பி போட்டுக் கொடுத்தேன். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கும் மனைவி இல்லையாம். அதற்குப் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை.

உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாமே என்கிறீர்கள். அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பார், தெரியும். ஆனால் என்ன சாப்பிட்டீர்கள் என்று அங்கே கேட்டிருப்பார்கள். அவருக்கு என்மேல் வெறுப்பு வந்திருக்கும்.

கடைசிவரை அவருக்கு என்மேல் ஒரு மனக்குறையும் இல்லை, ஐயா. இந்த ஊரில் எனக்கு அப்படி ஒருவராவது இருந்தார்.