நாணம் என்று நினைத்த நடுக்கம்

அன்று மேடையில் நான் சொல்லாதவை இவை. அங்கே சொன்ன கதையில் வரும் பெண் நான்தான். மயங்கி விழுந்தவளின் வாயில் கற்கண்டை வைத்த தாய், என் அருகில் தலைமைக் கதிரையில் அமர்ந்திருந்த ஜனாபா சித்தி பரீதா. தம் மகனுக்கு என்னைப் பார்க்க வந்தவர் அவர். வீடு திரும்பியதும் ‘பொருத்தம் சரியில்லை’ என்று ஆள் அனுப்பியவரும் அவரே. முன்வரிசையில் என் உம்மாவுக்குப் பக்கத்தில், எனக்கு அடுத்த சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். அதையும் நான் சொல்லவில்லை. திருகோணமலை நகரத்துப் பாடசாலையொன்றில் நான் மனையியல் படிப்பிக்கிறேன். சீனி வருத்தம் என்னும் நீரிழிவைப் பற்றிப் பேசி, கூட்ட முடிவில் பெண்களைப் பரிசோதனைக்கு இணங்கவைக்க வேண்டும் என்று மாதர் சங்கத்தார் கேட்டிருந்தார்கள். பேசியது இது:

அஸ்ஸலாமு அலைக்கும். கோயில் மணி கேட்டு விழித்து, எங்களோடு கூடி அமர வந்திருக்கும் சகோதரிகளுக்கு என் வணக்கம்.

அவைக்கு அழகாகவும் அறத்துக்கு அரணாகவும் விளங்கும் தலைவி ஜனாபா சித்தி பரீதா அவர்களே! வாழ்ந்து கண்டவற்றை வாய்திறந்து சொல்லாமலே எமக்கு வழிகாட்டும் மூத்த அன்னையரே! பிள்ளையை மடியிலும் பெருங்கவலையை மனத்திலும் ஏந்தி வந்திருக்கும் தாய்மாரே! மூதூரிலிருந்து காலை லாஞ்சியில் அலை நனைத்த முக்காட்டோடு வந்திறங்கிய சகோதரிகளே! பின்னறையில் விளக்கும் கண்ணாடிக் குழாயுமாய்ப் பொறுமையோடு காத்திருக்கும் தாதி தங்கரத்தினம் அம்மா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் முன்னால் நான் சிறியவள். சொல்ல வந்த விடயமோ பெரியது. அதைவிட, சொல்லக் கூசுவது.

நாம் எதற்குத்தான் கூசவில்லை, தாய்மாரே? பசித்தால் கூசுகிறோம். பசிக்காவிட்டாலும் கூசுகிறோம். கால் புண் ஆறாவிட்டால் கல் தட்டியது என்கிறோம். கண் மங்கினால் குசினிப் புகை என்கிறோம். இரவில் பலமுறை எழுந்து வீட்டின் பின்வளவுக்குப் போனால், நாய் குரைத்தது, பார்க்கப் போனேன் என்கிறோம். பாவம், அந்த நாய்! குரைக்காமலே எத்தனை பழி சுமக்கிறது!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் அந்த நாயின்மேல் பழிபோட்ட வீடுகளைக் கண்டிருக்கிறேன்.

கடலுக்கு அப்பால் ஒரு வீடு. அந்த வீட்டில் ஒரு பெண். கல்வி உண்டு, கைவேலை உண்டு. கூடவே சீனி வருத்தமும் உண்டு. வயதானவர்களுக்குத்தானே அது வரும் என்று கேட்பீர்கள். அந்தப் பெண்ணும் வைத்தியரிடம் அதைத்தான் கேட்டாள். வயது பார்த்து வருவதில்லை பிள்ளை என்றார் அவர். இன்சுலின் ஊசி கொடுத்தார். சோற்றைக் குறை, கிழங்கைக் குறை, கோதுமைப் பாணைக் குறை என்றார். நீல மருந்து கொடுத்து, ஒவ்வொரு முறையும் ஊசிக்கு முன் சிறுநீரில் சில துளியை அதில் விட்டுக் காய்ச்சிப் பார்க்கச் சொன்னார். நீலம் நீலமாகவே நின்றால் சீனி இல்லை, மருந்தைக் குறைக்கவேண்டும். பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறமானால் சீனி கூடிவிட்டது, மருந்தைக் கூட்டவேண்டும். உணவு மாறினால் மருந்தும் மாறும். சோற்றைக் குறைத்துவிட்டுப் பழைய அளவிலேயே ஊசி போட்டால், காக்க வந்த மருந்தே கழுத்தைப் பிடிக்கும். எனவே பார்த்துப் போடு, பாராமல் போடாதே என்றார்.

என்ன கேட்கிறீர்கள் அங்கே, பின்வரிசையில்? சோறும் வேண்டாம், பாணும் வேண்டாம், கிழங்கும் வேண்டாமென்றால் வேறு என்னத்தைத் தின்பது என்றா? நல்ல கேள்வி. அரிசிக்கு அலைந்து, பாணுக்கு வரிசையில் நின்று, மரவள்ளிக் கிழங்கால் வயிற்றை ஆற்றும் காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் சகோதரி, கொட்டியாரக் குடாவில் மீனுக்குமா வரிசை? வேலியில் நிற்கும் முருங்கைக்குமா பங்கீட்டுக் கூப்பன்? முட்டை இருக்கிறது, கத்தரிக்காய் இருக்கிறது, தேங்காய்ப்பாலில் சொதி இருக்கிறது. அந்தப் பெண் அவற்றைத்தான் உண்டாள். மெல்ல மெல்லக் குழாயில் செங்கல் மஞ்சளானது, மஞ்சள் பச்சையானது. ஊசியின் அளவும் படிப்படியாக இறங்கியது. ஊசியை நிறுத்தவில்லை, கவனியுங்கள், நிறுத்தச் சொல்லி நான் இங்கே வரவில்லை.

ஆனால் அந்தக் குழாயை எங்கே வைத்துக் காய்ச்சுவது? தொழுகைக்கு ஒளுச் செய்யும் வீட்டில், சோறாக்கும் அடுப்பில், அசுத்தத்தைக் காய்ச்சலாமா? தாய் ஒப்பவில்லை. “குசினிக்குள்ள இந்த நஜீஸைக் கொண்டு வராதே மகள். ஊர் கண்டா உனக்கு ஒரு மாப்பிள்ளையும் வராது” என்றாள். அந்த இரண்டு வசனங்களில் எது பெரிய பயம் என்று நான் சொல்லவேண்டுமா? அடுப்பை விட்டாள் பெண். கோழிக்கூட்டுக்குப் பின்னால், கிடுகு மறைப்பில், சின்ன ஸ்பிரிட் விளக்கை ஏற்றினாள். படித்தவள், கள்ளியைப்போல் குந்தியிருந்து தன் உடம்பின் செய்தியை வாசித்தாள்.

ஒருநாள் பெண்பார்க்க வருகிறார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வீடு நிறைய உறவு. குசினி நிறையப் பெண்கள். கோழிக்கூடு வெறுமை, கோழி சட்டியில். கூட்டைச் சுற்றி வெங்காயம் உரிப்பவர்களும் கதை அளப்பவர்களும். விளக்கை எங்கே ஏற்றுவது? அறைக்குள் ஏற்றினால் மணக்கும். கேட்டால் என்ன சொல்வது? நாய் குரைத்தது என்றா?

தாய் காதோடு சொன்னாள்: “இண்டைக்குப் பாக்க ஏலாது. வாறவையோட ஒரு சஹன்ல இருந்து சோறு தின்ன வேண்டி வரும். கொஞ்சம் கூட்டியே குத்திக்கொள்.” சஹன் தெரியுமல்லவா? ஒரே தாலத்தைச் சுற்றியிருந்து எல்லோரும் உண்பது. பக்கத்துக் கை சோற்றை எடுக்க, இந்தக் கை மீனை மட்டும் கிள்ளினால் கண்கள் பேசும். எனவே பெண் பாராமலே போட்டாள். கூட்டியே போட்டாள்.

அன்றைக்கென்று கடல் குமுறியது. லாஞ்சி பிந்தியது. விருந்தினர் வராமல் சஹன் விரிக்கலாமா? விருந்தினர் உண்ணாமல் பெண் உண்ணலாமா? ஊசி காத்திருக்கவில்லை, தாய்மாரே. ஊசிக்கு மரியாதை தெரியாது.

அவர்கள் வந்தார்கள். பெண் வெற்றிலைத் தட்டோடு வந்தாள். கை நடுங்கியது. நெற்றி வேர்த்தது. கண் நிலத்தை நோக்கியது. கேட்டதற்கு வாயில் சொல் வரவில்லை. கண்டவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? “பாருங்க மாமி, என்ன வெக்கம்! இந்தக் காலத்தில இப்பிடி ஒரு புள்ளையா?” ஒருத்தி தொடங்க, அடுத்தவள் தொடர்ந்தாள். எங்கள் மருமகளைப்போல் வாயாடி இல்லை என்று ஒருத்தி தன் வீட்டுக் கதையையும் இடையில் செருகினாள். நடுக்கத்துக்கு நாணம் என்று பெயர் வைத்தார்கள். வியர்வைக்கு அடக்கம் என்று பெயர் வைத்தார்கள். நாவு குழறியதற்கு நற்குணம் என்று பெயர் வைத்தார்கள். உயிர் ஒருபக்கம் இறங்கிக்கொண்டிருக்க, பெருமை மறுபக்கம் ஏறிக்கொண்டிருந்தது!

தட்டு விழுந்தது. பெண்ணும் விழுந்தாள்.

யாரோ சர்பத்தைக் கொண்டு ஓடிவந்தார்கள். அதைத் தட்டிவிட்டது யார்? பகைவரா? பெற்ற தாய்! “இனிப்புக் குடுக்காதீங்க, அவளுக்கு அது ஏலாது” என்றாள். ஏன் ஏலாது என்று கேட்டார்கள். சீனி நஞ்சு என்று மட்டுமே அவள் அறிந்திருந்தாள். மருந்து மிஞ்சிய வேளையில் அந்த நஞ்சே அமுதம் என்பதைக் கேட்டறிய, இந்த வருத்தத்தை வாய்விட்டு யாரிடம் கதைத்திருப்பாள்? அவள் கையை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கையைக் கட்டிப்போட்ட வெட்கத்தைத்தான் குறை சொல்வேன்.

அப்போது, வந்தவர்களில் ஒரு தாய் எழுந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அதில் கற்கண்டு இருந்தது. பொடித்துப் பெண்ணின் கன்னத்துக்குள் அடக்கினார். “விலகுங்க. இதுக்கு இனிப்புத்தான் மருந்து” என்றார். அவ்வளவுதான். பெண் கண்விழித்தாள்.

முந்தானையில் கற்கண்டு ஏன் இருந்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரே கூரைக்கு அடியில் ஒரே வருத்தத்தோடு இரண்டு பெண்கள், ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டு, அறியாதவர்போல் பிரிந்தார்கள். அந்தத் தாயை நான் பழிக்கவில்லை. அவர் மட்டும் அந்த முடிச்சைச் சுமந்து வரவில்லையென்றால், இந்தக் கதையைச் சொல்ல யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

என் தாய்மாரே! நோய் வந்தது குற்றமா? நூலில் எழுதிவைத்த பாவமா? வெள்ளம் வந்தால் விளக்கெடுத்துக் கூப்பிடுகிறோம். பாம்பு வந்தால் பக்கத்து வீட்டை அழைக்கிறோம். உடம்புக்குள் ஒரு வருத்தம் வந்தால் மட்டும் ஏன் கதவைச் சாத்துகிறோம்? ஒளித்து வைத்தால் ஓடிவிடுமா? மூடி வைத்தால் முடிந்துவிடுமா? மகளின் மணத்தைக் காக்க மகளின் உயிரைப் பணயம் வைக்கலாமா? வெட்கப்படுவோம்: பொய்க்கு வெட்கப்படுவோம், புறங்கூறலுக்கு வெட்கப்படுவோம், நோயாளியைத் தள்ளிவைக்கும் நெஞ்சுக்கு வெட்கப்படுவோம். ஒரு போத்தல் சிறுநீருக்கு வெட்கப்படமாட்டோம்!

பின்னறையில் விளக்கு எரிகிறது. தங்கரத்தினம் அம்மா காத்திருக்கிறார். கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்து அல்ல, ஊரார் காண எழுந்து நடந்து போங்கள். என் சொற்களைச் சகித்துக்கொண்ட உங்கள் செவிகளுக்கும், எனக்கு இடந்தந்த இந்த மேடைக்கும் நன்றி கூறி, நலமே சூழ்க என்று வேண்டி அமர்கிறேன். வஸ்ஸலாம்.

கைதட்டினார்கள். ஆனால் யாரும் எழவில்லை. நிறைவுரைக்கு அழைத்தபோது ஜனாபா சித்தி பரீதா ஒலிவாங்கியின் முன்னால் வந்து, கற்கண்டு முடிந்து வைத்திருந்த பெண் தான்தான் என்றும், பல வருடமாகத் தனக்குச் சீனி வருத்தம் இருக்கிறதென்றும் சொன்னார். யாருடைய வீட்டில் அது நடந்ததென்று சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்களும் வாங்களேன் டீச்சர். ரெண்டு பேருமாப் போவம்.”

முன்வரிசையில் உம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கு அப்பிடி ஒண்டும் இல்ல மாமி” என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுத் தனியே இறங்கிப் பின்னறைக்குப் போனார். அவர் பின்னால் முதலில் ஒருத்தி, பிறகு சிலர், பிறகு வாசல் வரை நீண்ட வரிசை. நான் மேடையிலிருந்த கதிரைகளை அடுக்கினேன்.

பெருநாளுக்குப் பிறகு, அந்த முன்வரிசைப் பெண்களின் வீட்டு மகனுக்கும் எனக்கும் நிக்காஹ் நடந்தது.