மாமியாரின் பெயர்

ஈஸ்டர் கழிந்த முதல் செவ்வாய்க்கிழமை, மாலை. லண்டனின் இல்ஃபோர்டில் எலிசபெத் லைன் ரயிலேறிய இரு சகோதரிகள் என் எதிரே அமர்ந்தார்கள். இளையவளின் மடியில் பிறந்து சில நாட்களே ஆன குழந்தை.

"யாத்விகா எண்டுதான் வைக்கப் போறன், அக்கா. போலந்துக்காரர் எழுதுற மாதிரியே, ஜே எழுத்துப் போட்டு."

"இங்க பள்ளிக்கூடத்தில ஜாட்விகா, ஜாட்விகா எண்டு பிள்ளையைக் கொல்லுவாங்கள்."

"பரவாயில்லை. அது என்ர மாமியின்ர பேர். அவா எழுதுற மாதிரியே இருக்கோணும்."

"உங்கட கலியாணத்துக்கே வராத மனிசியடி அவா."

"உன்ர மாமியும்தான் வரேல்லை. உன்ர மூத்தவளுக்கு அவான்ர பேரை வைச்ச உடன தங்கக் காப்போட வந்து நிண்டவா எல்லோ?"

"அது யாழ்ப்பாணத்து மாமி. பேத்திக்குத் தன்ர பேர் எண்டா உருகிப் போவா. போலந்து மாமியும் உருகுவா எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"உருகுவா. கிறிஸ்மஸுக்குத் தாயிட்டப் போய் அங்கயே நிண்டிட்ட என்ர மனிசனைத் திருப்பி அனுப்புவா."

ரயில் அடுத்த நிலையத்தில் நின்று கிளம்பியது. பிறகு அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பிள்ளையின்ர படம் அவனுக்கு அனுப்பினனியோ?"

"ஓம். அண்டைக்கே பாத்திட்டார்."

"என்ன சொன்னவன்?"

இளையவள் குழந்தையின் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டாள்.

"பொடியனோ பெட்டையோ எண்டுகூடக் கேக்கேல்லை, அக்கா."