உலைக்குழித் திரையில் தெரிந்த அளவு

என் பெயர் கிருஷ்ணப்பிரியா, வயது 24, தந்தை பெயர் தமிழரசு, ஆவடியை அடுத்த வெள்ளானூரில் பெற்றோருடன் வசிக்கிறேன். பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்துள்ளேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனது நான் மட்டுமே. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்பு உதிரிபாகங்களைச் சூடேற்றிப் பதப்படுத்தும் பட்டறை ஒன்றில் கணினி வேலை பார்க்கிறேன்.

பட்டறையின் உலைக்குழியில் நைட்ரஜன் தங்கி, மூச்சுக்கான ஆக்ஸிஜனைக் குறைத்துவிடும். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. ஆகவே குழியைச் சுத்தம் செய்ய ஆள் இறங்கும் முன், மேலே நிற்பவர் ஆக்ஸிஜன் அளவைத் திரையில் பார்த்து, அளவு போதுமென்று திரை பச்சையாக இருந்தால் 'பச்சை' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அளவைப் படித்துத் திரைக்கு அனுப்பும் பெர்ல் ஸ்கிரிப்டை, அதாவது கணினி நிரலை, எழுதியது நான். குழிக்குள் இருக்கும் கருவியிலிருந்து அளவு வராவிட்டால் அதைப் படிக்கும் மாட்யூல் என்ற நிரல் பகுதி பிழை என்று அறிவிக்கும், அதைப் பிடிக்காவிட்டால் ஸ்கிரிப்டே நின்றுவிடும் என்பதால், அந்த வரியை, பிழையைப் பிடிக்கும் ஈவல் என்ற கட்டளைக்குள் வைத்து, பிழை வந்தால் திரை சிவப்பாகும்படி எழுதியிருந்தேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, பூந்தமல்லியைச் சேர்ந்த ஜுல்ஃபிகர் குழியில் இறங்க வந்தார். ஆபரேட்டர் கோதண்டம் மேலே நின்றார். நான் திரை தெரியும்படி கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தேன். ஜுல்ஃபிகர், "இன்னா அண்ணாத்தே, மூக்குக் கண்ணாடிய தொடச்சிட்டு நல்லா பாரு, ஊட்ல கைக்கொழந்த கீது" என்றார். கோதண்டம் திரைக்கு அருகில் போய்ப் பார்த்துவிட்டு, "பச்சதான் கீது, எறங்கு மாமே" என்றார். அதன் பிறகு ஜுல்ஃபிகர் தன் கைப்பேசியைக் கோதண்டத்திடம் கொடுத்துவிட்டு இறங்கினார்.

அதன் பிறகு குழிக்குள் ஏதோ விழும் சத்தம் கேட்டது. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. இறங்கப் போன கோதண்டத்தை இருவர் பிடித்துக்கொண்டார்கள். இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து ஜுல்ஃபிகரை மேலே இழுத்தபோது அவருக்கு மூச்சு இல்லை. அந்த நேரத்தில் கோதண்டத்தின் கையிலிருந்த கைப்பேசி அடித்தது. ஜுல்ஃபிகரின் மனைவி ஷாகிதாவின் பெயர் தெரிந்தது. அடித்து நிற்கும் வரை யாரும் எடுக்கவில்லை.

அதன் பிறகு நான் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். சிவப்பாக்கும் வரியை எடுத்துவிட்டு, பிழை வந்தால் கடைசியாகக் கிடைத்த அளவையே திரும்பக் காட்டும்படி மாற்றியிருந்தார்கள். கருவியின் ஒயர் கழன்றிருந்தது. திரை அப்போதும் பச்சையாகவே இருந்தது. மேலாளர் பாஸ்கரனிடம் கேட்டதற்கு, "நான்தாம்மா மாத்துனேன். ஒயர் லூசு, சும்மா சும்மா செவப்பாயி வேல நிக்குது. போலீஸ் வர்றதுக்குள்ள நீ எழுதுன மாதிரியே வச்சிடு. கோதண்டம் பாக்காம எறக்கிட்டான்னு முடிஞ்சிரும். உனக்கும் வேல இருக்கும்" என்றார். நான் எதையும் மாற்றவில்லை. ஸ்கிரிப்டை இருந்தபடியே நகலெடுத்து காவல் ஆய்வாளரிடம் ஒப்படைத்துள்ளேன்.

போலீஸ் ஜீப்பில் ஏற்றும்போது கோதண்டம் என்னைப் பார்த்து, "ஏம்மா, நீ பாத்துகினு தான இருந்த? செவப்பத்தான் பச்சன்னு சொல்லிட்டனா?" என்று கேட்டார். அவர் பார்த்தது பச்சைதான் என்பதை இங்கே சொல்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. இதில் கோதண்டம் கேட்டதற்கு நான் சொன்ன பதிலை அவருக்கும் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
த. கிருஷ்ணப்பிரியா