காலியாக இருந்த கட்டம்

சத்தம் போடறவங்களக் கண்டாலே எனக்கு ஆகாது சார். வீட்லயும் அப்படித்தான், வேலையிலயும் அப்படித்தான்.

வெப் பக்கம் கட்டறவங்க ஒவ்வொரு கட்டத்தையும் மொதல்லேருந்து எழுதிட்டு உக்கார மாட்டாங்க. யாராவது முன்னாடியே எழுதி வச்ச ரெடிமேட் துண்டுகள, டேக் லைப்ரரிம்பாங்க, எடுத்துப் போட்டுக்குவோம். ஆஸ்பத்திரி வார்டுல நோயாளி விவரம் காட்டற வெப் பக்கம் பண்ணப்ப எங்க முன்னால ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு கறார். ஏதாவது ஒரு தகவல் வந்து சேரலன்னாலும் செவப்புல எர்ரர் காட்டிப் பக்கத்தையே நிறுத்திடும். இன்னொண்ணு சாது. வராத இடத்தக் காலியா விட்டுட்டு மத்ததக் காட்டிடும்.

கூட வேல பாத்தவன், சோடாபுட்டின்னு கூப்பிடுவோம், கறாரானதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னான். "நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு காட்டற கட்டம்டா அது. காலியா இருந்தா ஒண்ணுமில்லன்னு நர்ஸ் நெனச்சுக்குவாங்க." எனக்குப் புரியாம இல்ல. அவன் சொன்னதத்தான் மொதல்ல போட்டோம். பெரிய டாக்டர் முன்னால தெறந்து காட்டினப்ப செவப்பா வந்து நின்னுச்சு. "இதுக்கா இத்தன மாசம்?"னு கேட்டுட்டு எழுந்து போயிட்டார். மானமே போச்சு சார். அன்னிக்கே அதத் தூக்கிட்டு சாதுவானதப் போட்டேன். டீம் லீடர் நான்தானே.

அதுக்கப்புறம் எர்ரரே வரல. எல்லாரும் பாராட்டினாங்க.

அந்த வார்டுலதான் என் தங்கச்சி நர்ஸ். காய்ச்சல்னு ஒரு டீச்சரம்மாவக் கொண்டு வந்தாங்க, பேசற நெலமையில இல்ல. ஒத்துக்காத மருந்து எதுங்கற தகவல் பக்கத்துக்கு வந்து சேரல, கட்டம் காலி. டாக்டர் எழுதின ஊசிய தங்கச்சி போட்டா. அவங்க உடம்புக்கு ஆகாத மருந்து. கொஞ்ச நேரத்துல மூச்சு அடங்கிடுச்சு. சின்னப் பிள்ளைங்க இருக்குதுங்களாம். நெனச்சா எனக்குச் சோறு எறங்கல.

தங்கச்சி வந்து என் கையப் புடிச்சுக்கிட்டா. "அண்ணா, கட்டம் காலியாத்தானே இருந்துச்சு? நான் நல்லாப் பாத்தேனே."

அதுக்குள்ள நான் ஆபீசுக்குப் போய் சாதுவானத எடுத்துட்டு, பழையபடி கறாரானதப் போட்டுட்டு வந்திருந்தேன். இனி யார் வந்து பாத்தாலும், தகவல் வரலன்னா எர்ரர்தானே வந்திருக்கும், கட்டம் காலியா இருந்திருக்காதுன்னுதான் சொல்லுவாங்க. "இல்லம்மா, மருந்து பேரு இருந்துச்சு. தூக்கமில்லாம வேல பாத்திருக்க, அசதியில கண்ணு தவறியிருக்கும்"னேன். அவ நம்பல. நான் கோவப்படல. தலையத் தடவிக் கொடுத்து, திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில, "ஆமாண்ணா, பேரு இருந்த மாதிரிதான் ஞாபகம் வருது"ன்னு அழுதா.

விசாரணையிலயும் அதையேதான் சொன்னா. வேலை போச்சு, ஜெயிலுக்கும் போயிட்டா. அங்க பிஸ்கட் பாக்கெட்டக் குடுத்தாக்கூட, அதுல இருக்கறத மறுபடி மறுபடி படிச்சுட்டுத்தான் பிரிக்கறா.

ஆமா சார். பக்கத்த மாத்தினதும் நான்தான், அவ கண்ணால பாத்தத இல்லன்னு ஆக்கினதும் நான்தான். எழுதிக்குங்க. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா அவ மனசத் தேத்திக்கிட்டு வரேன். அவளுக்கு ஆறுதல் சொல்ல என்னை விட்டா யாரு இருக்கா?