பச்சை டப்பாவா, ஆரஞ்சு டப்பாவா

இருந்தவர்கள் மூவர். மேசை முன்னால் ஏரோகிராமும் பேனாவுமாக ராஜவேல். இசைக்குழுவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பார்ப்பவன். கட்டிலில் கிட்டார்க்காரன் அரிகிருஷ்ணன். வலக்கையைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தான். வாசற்படியில் மீன் ஆய்ந்துகொண்டு அவன் மனைவி தனக்கொடி. இடம் தேங்காய்த்திட்டு. 2003, தை மாதத்து ஞாயிறு. கடிதம் பிரான்சில் இருக்கும் தனக்கொடியின் அண்ணன் வைத்திலிங்கத்துக்கு.

ராஜவேல்: ‘இங்கு யாவரும் நலம்.’ எழுதிட்டேன். அப்புறம்?

அரிகிருஷ்ணன்: மாசி மகத்துக்கு வரும்போது கிட்டார் சத்தத்த மாத்தற, கால்ல மிதிக்கற பெடல் ஒண்ணு வாங்கியாரச் சொல்லு.

தனக்கொடி: ஒண்ணுதான். பெட்டியில எடமில்லன்னு போன்லயே சொல்லிட்டாரு எங்கண்ணன். பேரை எழுதியனுப்புங்க, கடையில காட்டி வாங்கறேன்னாரு.

ராஜவேல்: ஒண்ணுன்னா யோசனையே வாணாம். ஓவர்டிரைவ். பச்சை டப்பா.

அரிகிருஷ்ணன்: டிஸ்டார்ஷன் எழுது. ஆரஞ்சு டப்பா.

ராஜவேல்: யாரு... நீயா கேக்கற?

தனக்கொடி: ரெண்டும் கர்ருன்னுதான கத்தும்?

ராஜவேல்: இல்ல தங்கச்சி. ஓவர்டிரைவ்ல கை பேசும். மெதுவா மீட்டினா கொஞ்சும், ஓங்கி மீட்டினா உறுமும். டிஸ்டார்ஷன் பூவால தொட்டாலும் ஒரே உறுமல்தான். ‘கை தெரியாதவன் வாங்கற டப்பா’ன்னு சொன்னதே உன் வீட்டுக்காரன்தான்.

அரிகிருஷ்ணன்: அது அப்ப...

ராஜவேல்: உழவர்கரை கச்சேரியில இத வச்சிருந்தவனை மேடையிலயே கிண்டல் பண்ணினியே.

அரிகிருஷ்ணன்: இப்பப் புடிக்குது. எழுதேன்டா.

தனக்கொடி: குழு நடத்தற நாராயணசாமி அண்ணன் சொன்னதையும் சொல்லுங்க.

அரிகிருஷ்ணன்: என்னாத்த சொன்னாரு...

தனக்கொடி: மகத்தன்னிக்கும் நீங்க தனியா வாசிக்கற சோலோ சப்புன்னு இருந்தா குழுவுக்கு வேற ஆளு பாத்துக்கறேன்னாரில்ல?

ராஜவேல்: அதுக்குத்தான் பச்சை டப்பாங்கறேன். உன் கைக்கு அதான்.

அரிகிருஷ்ணன்: என் கைக்கு... விடுடா.

ராஜவேல்: சரி, ஒரு கையெழுத்தாவது போடு. உன் மச்சானாச்சே. இந்தா பேனா.

அரிகிருஷ்ணன்: உன் எழுத்துதான் முத்து முத்தா...

ராஜவேல்: போடுடா.

அரிகிருஷ்ணன்: சரி, குடு.

தனக்கொடி: ஐய, பேனா கீழ வுழுந்துடுச்சி.

அரிகிருஷ்ணன்: கை ஈரம்.

ராஜவேல்: மீன் ஆயறது தங்கச்சி. உனக்கு எப்படி ஈரமாச்சு?

அரிகிருஷ்ணன்: ...மூணு விரலு மரத்துப்போவுதுடா. ஓங்கி மீட்ட முடியல. கோரிமேட்டு ஆஸ்பத்திரில மாத்திரை குடுத்திருக்காங்க, சரியாவ நாளாவுமாம். அதுவரைக்கும் ஆரஞ்சு டப்பா இருந்தா... மெதுவா தொட்டாப் போதும். எவனுக்கும் தெரியாது. நாராயணசாமிகிட்ட சொல்லிடாத. தனம், உங்கிட்டயும் சொல்லல...

தனக்கொடி: ரெண்டு மாசமா உங்க சட்டைக்குப் பொத்தான் போட்டு வுடறது யாரு? நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்.

அரிகிருஷ்ணன்: ராஜவேலு... நீ பச்சைன்னு எழுதிட்டியா?

ராஜவேல்: ஆரஞ்சுதான். நீ கை விஷயத்தச் சொல்றதுக்கு முன்னாடியே எழுதிட்டேன், படிச்சுப் பாரு. தங்கச்சி, அந்தக் கோந்தை எடு. ...ம், ஒட்டியாச்சு. போற வழியில தபால் பெட்டியில போட்டுடறேன். டேய், தீவாளியிலேருந்து உன் சோலோ வரும்போதெல்லாம் மிக்சர்ல உன் கிட்டார் சத்தத்த ஏத்தி வுட்டுக்கிட்டிருக்கேன். இனிமே ஏத்தறதுக்கு அதுல எடமில்லடா.